பாலைவனமாகிப்போன கழிமுகம்: எகிப்தின் ஃபையூம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும்தான் நினைவுக்கு வரும். அந்த வரலாற்றுக்கு ஐயாயிரம் வயது. கெய்ரோவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், அதைவிட ஏழாயிரம் மடங்கு பழைய எகிப்து மணல்மேலேயே கிடக்கிறது. ஆறும் சதுப்பும் காடும் கடலும் கலந்திருந்த எகிப்து அது. அதைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது குறைவு. பலரும் கேட்கும் கேள்விகளை வைத்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன்.

ஃபையூம் எங்கே இருக்கிறது? இப்போது அங்கே என்ன இருக்கிறது?

கெய்ரோவுக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நைல் பள்ளத்தாக்கை ஒட்டிய பெரிய பள்ளம்தான் ஃபையூம். நைலிலிருந்து பிரிந்து வரும் கால்வாயின் தயவில் அதன் நடுப்பகுதி முழுக்க வயல்களும் பேரீச்சந்தோப்புகளுமாக இருக்கும். வடமேற்கு ஓரத்தில் காரூன் என்ற உப்பு ஏரி. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குச் சுமார் 45 மீட்டர் கீழே. ஏரியின் வடகரையைத் தாண்டியதும் பச்சை நின்றுவிடும். அதற்கப்புறம் புல்பூண்டுகூட இல்லாத பாறைச்சரிவு, அடுக்கடுக்காக உயர்ந்து ஜெபல் கத்ரானி என்ற மேட்டில் போய் முடிகிறது. பள்ளத்தின் தென்மேற்கே, பாலைக்குள் வெகுதூரம் தள்ளி, வாடி அல் ஹிதான். அரபியில் ‘திமிங்கிலப் பள்ளத்தாக்கு’. இந்தப் பக்கத்தில் வரும் விலங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டு இடங்களிலும் இடைப்பட்ட பாறைகளிலும் கிடைத்தவை.

அங்கே கழிமுகம் இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பாறைகளே சொல்கின்றன. ஃபையூமின் சரிவில் கீழிருந்து மேலே ஏறுவது காலத்தில் முன்னோக்கி நடப்பது. படிக்கட்டு ஏறுவது மாதிரி, ஒவ்வொரு படியும் அடுத்த காலம். அடிப்படிகளில் இருப்பது கடலடிப் படிவு. சுண்ணாம்பும் களியும் கலந்த அந்தப் பாறைகளில் சிப்பிகள், சுறாப் பற்கள், நம்முலைட் என்ற ஒருசெல் கடலுயிரியின் காசு வடிவிலான ஓடுகள், திமிங்கில எலும்புகள். கொஞ்சம் ஏறினால் மணற்கல் கூடுகிறது. அலை அடித்த தடமும், நண்டும் புழுவும் துளைத்த வளைகளும் தெரிகின்றன. அலையாத்தி மரங்களின் வேர்கள் இருந்த இடங்களில் வேர் மக்கிப்போக, அந்தக் குழாய்களில் மண் நிறைந்து கல்லாகியிருக்கிறது. கரை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதற்கு மேலே, கஸ்ர் எல் சாகா பாறைகளில், ஆறு தன் வண்டலைக் கடலில் கொட்டிக்கொட்டி நிலத்தை நீட்டியது தெரிகிறது. சாய்வான மணலடுக்குகள், முகத்துவாரத் திட்டுகள், கடலும் ஆறும் மாறிமாறி வென்ற தடயங்கள். உச்சிப் படியான ஜெபல் கத்ரானி பாறைகளில் கடல் ஏறக்குறைய முழுதாகப் பின்வாங்கிவிட்டது. வளைந்து ஓடிய ஆறுகளின் மணல்மேடுகள், வெள்ளச் சமவெளியின் சிவப்புக் களிமண், குட்டைகளின் பச்சைக் களிமண், ஆறு அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய அடிமரங்கள்.

மொத்தமாகப் பார்த்தால் கடல் மெல்ல வடக்கே விலக, கழிமுகம் அதைத் துரத்திக்கொண்டு போன கதை இது. அன்றைய கடற்கரை, இன்றைய மத்தியதரைக் கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருந்தது. எலும்புகளைவிட எனக்கு இந்த மண்ணடுக்குகள்மேல்தான் பிரியம் அதிகம். ஒரு மண்டையோடு ஒரு விலங்கின் கதையைச் சொல்லும். அது நின்ற சேறு எவ்வளவு ஈரமாக இருந்தது, ஆறு எந்தப் பக்கம் திரும்பியது என்பதையெல்லாம் அடுக்குதான் சொல்லும்.

அப்படியானால் அது பழைய நைல் நதியா?

தெற்கிலிருந்து வந்து இன்றைய எகிப்தின் வடபகுதியில் கடலில் கலந்த பேராறு, அல்லது ஆறுகள். அதுவரை உறுதி. ஆனால் இன்று நாம் வரைபடத்தில் பார்க்கும் நைலின் தடம் பிற்காலத்தது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் பெருமளவு வற்றியபோது, நதி தன் படுகையை மிக ஆழமாக அரித்துப் பெரும் பள்ளத்தாக்கை வெட்டியது. இப்போதைய நைல் பள்ளத்தாக்கின் வண்டலுக்கு அடியில் அது புதைந்திருக்கிறது. ஃபையூமின் கழிமுகத்தை ‘நைலின் முப்பாட்டன்’ என்று அழைப்பவர்கள் உண்டு. அதை உறவுமுறையாக எடுத்துக்கொள்ளலாம். அதே ஆறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு காலத்துக்கு முன்பு?

வாடி அல் ஹிதானின் திமிங்கிலங்கள் ஏறக்குறைய 4 கோடி முதல் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. ஜெபல் கத்ரானியின் காட்டு விலங்குகள் சுமார் 3.4 கோடியிலிருந்து 2.9 கோடி வரை. இயோசீன் காலத்தின் பிற்பகுதியும் ஒலிகோசீன் காலத்தின் முற்பகுதியும் என்பது இதற்கான புவியியல் பெயர். பாறைகளில் உறைந்திருக்கும் பூமியின் காந்தத்திசையை வைத்தும், உச்சியில் தொப்பிபோல் மூடியிருக்கும் எரிமலைப் பாறையான பசால்ட்டின் வயதை வைத்தும், விலங்குகளைப் பிற இடங்களோடு ஒப்பிட்டும் இந்தக் கணக்கு போடப்படுகிறது.

பாலைவனத்தில் திமிங்கிலம் எப்படி வந்தது?

வரவில்லை, அங்கேயே வாழ்ந்தது. அப்போது வட எகிப்து டெத்திஸ் என்ற கடலின் ஆழமற்ற தென்விளிம்பு. மத்தியதரைக் கடல் அந்தப் பழைய கடலின் மிச்சம்தான். இறந்த திமிங்கிலங்கள் கடலடிச் சேற்றில் அமிழ்ந்தன, வண்டல் மூடியது, பாறையானது. கடல் விலகி நிலம் உயர்ந்தபின், காற்று அந்தப் பாறையைத் தேய்த்துத் தேய்த்து எலும்பை மட்டும் வெளியே விட்டுவைத்திருக்கிறது.

அங்கே நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. பெரியது பாசிலோசாரஸ் ஐசிஸ். 15 முதல் 18 மீட்டர் நீளம், பாம்புபோல் நீண்ட உடல், பீப்பாய் பீப்பாயாக முதுகெலும்புகள். பெயரின் ‘சாரஸ்’ பலரைக் குழப்புகிறது. 1834இல் அமெரிக்காவில் கிடைத்த எலும்புகளுக்கு ரிச்சர்ட் ஹார்லன் பெயர் வைத்தபோது அதைக் கடல் ஊர்வன என்று நினைத்துவிட்டார். பல்லுக்கு இரண்டு வேர்கள் இருப்பதைப் பார்த்து, இது பாலூட்டி என்று ரிச்சர்ட் ஓவன் சுட்டிக்காட்டினார். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் அது நிலைத்துவிட்டது.

இன்னொன்று டோருடான், சுமார் 5 மீட்டர். இதன் குட்டிகள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. குட்டிகளின் மண்டையோடுகளில் பல்லால் கடித்த குழிகள் இருந்தன. அந்தப் பற்களுக்குப் பொருந்திய வாய் பாசிலோசாரஸுடையது. 2019இல் வெளியான ஆய்வு சந்தேகத்தையே போக்கிவிட்டது: ஒரு பாசிலோசாரஸின் வயிறு இருந்த இடத்திலேயே டோருடான் குட்டியின் எலும்புகளும் பெரிய மீன்களின் எலும்புகளும் இருந்தன. தாய்கள் குட்டி ஈன அமைதியான ஆழமற்ற கடலைத் தேடி வந்திருக்கின்றன. அந்தக் குட்டிகளைத் தேடி பாசிலோசாரஸ் வந்திருக்கிறது.

திமிங்கிலத்துக்குக் கால் இருந்தது என்பது உண்மையா?

உண்மை. ஃபையூம் உலகத்துக்குக் கொடுத்ததில் முதல் இடத்தில் நான் வைப்பது இதைத்தான். திமிங்கிலத்தின் முன்னோர் தரையில் நான்கு காலில் நடந்த குளம்பு விலங்குகள் என்பது கருத்தளவில் பழைய செய்தி. கண்ணால் பார்க்கச் சான்று வேண்டுமே. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஃபிலிப் கிங்கெரிச் 1980களில் வாடி அல் ஹிதானில் எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவரது குழு பாசிலோசாரஸின் பின்னங்காலைக் கண்டெடுத்தது. தொடையெலும்பு, முழங்கால் சில்லு, கணுக்கால், மூன்று விரல்கள், 1990இல் அறிவித்தார்கள். 16 மீட்டர் உடலுக்கு இந்தக் கால் ஒரு முழம்கூடத் தேறாது. நடக்க உதவியிருக்கவே முடியாது. புணர்ச்சியின்போது பிடிமானத்துக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று அந்தக் குழு கருதியது.

இதற்கு முந்திய கட்டமும் ஃபையூமிலேயே கிடைத்திருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஃபியோமிசீட்டஸ் அனுபிஸ் 4.3 கோடி ஆண்டு பழையது. சுமார் 3 மீட்டர் நீளம், 600 கிலோ எடை. தரையிலும் நீரிலும் வாழ்ந்த வலிய தாடைக்காரன். மண்டையோடு நரித்தலையை நினைவூட்டியதாலும் இரைகளுக்கு இறப்பைக் கொண்டுவந்ததாலும் எகிப்தியரின் மரணதெய்வம் அனுபிஸின் பெயர். 2023இல் வந்தது டுட்சீட்டஸ் ரயானென்சிஸ்: முழுக்க நீர்வாழ்வுக்கு மாறிய பாசிலோசாரஸ் குடும்பத்தில், இதுவரை தெரிந்தவற்றில் மிகச் சிறியது. இரண்டரை மீட்டர்தான் நீளம், வயது சுமார் 4.1 கோடி ஆண்டு. சின்ன வயதில் இறந்த மன்னன் டுட்டன்காமுனின் பெயரை இதற்கு வைத்தார்கள். கிடைத்த விலங்கும் வளர்ந்து முடியாத இளையது.

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம் பக்கத்தில்தான். கால்களோடு தரையில் திரிந்த மிகப் பழைய திமிங்கிலங்கள் பாகிஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும், அவற்றின் நெருங்கிய குளம்பு உறவான இண்டோஹையஸ் காஷ்மீரிலும் கிடைத்தன. இந்தியக் கரையும் எகிப்தியக் கரையும் அப்போது ஒரே டெத்திஸ் கடலின் விளிம்புகள்.

கடற்பசுக்களும் இருந்தனவா?

நிறைய. இயோதெராய்டஸ், இயோசைரன் போன்றவை அந்த ஆழமற்ற கடலின் புல்வெளிகளில் மேய்ந்தன. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு அதே குலத்தின் இன்றைய வாரிசு.

யானைகள் அங்கிருந்துதான் வந்தனவா?

யானைக் குலம் ஆப்பிரிக்காவில் தோன்றியது. ஃபையூமைவிடப் பழைய யானை உறவினர்கள் மொராக்கோவில் கிடைத்திருப்பதால் ‘யானையின் பிறந்த இடம் ஃபையூம்’ என்று சொல்வது சரியாகாது. ஆனால் குலத்தின் நடுப்பக்கங்கள் இங்கே அழகாக இருக்கின்றன.

மொரிதீரியம் பன்றியைவிடக் கொஞ்சம் பெரிய, நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட விலங்கு. தும்பிக்கை கிடையாது, பிடிப்பதற்கேற்ற மேலுதடு இருந்திருக்கலாம். பெயர், காரூன் ஏரியின் பழைய வடிவமான மொய்ரிஸ் ஏரியிலிருந்து வந்தது. 2008இல் வெளியான ஆய்வில் அதன் பல் எனாமலில் உள்ள ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து பார்த்தார்கள். நாளின் பெரும்பகுதியை நன்னீரிலோ சதுப்பிலோ கழித்து, நீர்த்தாவரங்களைத் தின்ற விலங்குக்கு உரிய அளவுகள் வந்தன. யானையின் பழைய உறவு நீர்யானைபோல் வாழ்ந்திருக்கிறது. யானைக்குக் கடற்பசு ஏன் உறவு என்று கேட்பவர்களுக்கு இது நல்ல பதில்.

அதற்கு அடுத்துவந்த ஃபியோமியாவும் பாலியோமாஸ்டோடானும் நம் கண்ணுக்கே யானை என்று தெரியும். மூக்குத்துளை மண்டையில் பின்னேறியிருக்கிறது, அதனால் குட்டைத் தும்பிக்கை இருந்தது என்று கணிக்கிறார்கள். மேல்தாடையில் சிறு தந்தங்கள். ஃபியோமியாவின் கீழ்த்தாடையில் மண்வெட்டி வடிவில் தட்டையாக இன்னொரு ஜோடி.

இரண்டு பெரிய கொம்பு வைத்த காண்டாமிருகம் ஒன்று படங்களில் வருகிறதே?

அர்சினோயிதீரியம். ஃபையூமின் முகவரியே அதுதான். ஆனால் காண்டாமிருகம் அல்ல. காண்டாமிருகத்தைவிட யானைக்கும் கடற்பசுவுக்கும்தான் நெருக்கம். சுமார் 3 மீட்டர் நீளம், தோள் உயரம் 1.75 மீட்டர் இருக்கும். காண்டாமிருகத்தின் கொம்பு முழுக்க நம் நகத்தில் இருக்கும் கெரட்டின், உள்ளே எலும்பு இல்லை. அர்சினோயிதீரியத்தின் கொம்போ எலும்பு, உள்ளே கூடானது. முகத்தின்மேல் அருகருகே இரண்டு பெருங்கொம்புகள், கண்களுக்கு மேலே இரண்டு சின்ன முளைகள். ஃபையூமில் வழிபடப்பட்ட டாலமி வம்ச அரசி அர்சினோயியின் பெயரை நிலவியலாளர் ஹியூ பீட்னெல் 1902இல் இதற்குச் சூட்டினார். இன்று இதன் குலத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

மான், வரிக்குதிரை, சிங்கம் எல்லாம் அப்போது இல்லையா?

ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்கா என்றால் நம் மனத்தில் ஓடும் காட்சி முழுக்க வெளியூர் விலங்குகளால் ஆனது. மான், மாடு, ஒட்டகச்சிவிங்கி, குதிரை, பூனைக் குலம் எல்லாமே ஆசியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ பின்னால் வந்தவை. ஃபையூம் காலத்தில் ஆப்பிரிக்காவும் அரேபியாவும் சேர்ந்து, சுற்றிலும் கடல் சூழ்ந்த தனித் தீவுக்கண்டமாக இருந்தன. வடக்கோடு நிலையான தரைத்தொடர்பு ஏற்பட்டது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவரை இந்த மண் தன் சொந்த விலங்குகளை வைத்தே எல்லா வேலைகளையும் நடத்திக்கொண்டது.

மேய்கிற வேலையைப் பார்த்தவை ஹைராக்ஸ்கள். இன்றைய ஹைராக்ஸ் பாறை இடுக்கில் வாழும் நான்கைந்து கிலோ விலங்கு. தெரியாதவர்கள் பெருச்சாளி இனம் என்பார்கள். ஃபையூமில் இவை முயல் அளவிலும் இருந்தன, ஆட்டளவிலும் இருந்தன. ஓடுவதற்கேற்ற கால்களோடு மான்போல் வாழ்ந்தவையும் உண்டு. டைட்டனோஹைராக்ஸ் சிறு காண்டாமிருகத்தின் பருமனை எட்டியது. ஜெபல் கத்ரானியில் மிகுதியாகக் கிடைக்கும் பாலூட்டிகளில் இவையும் சேர்த்தி. படம் வரைபவர்கள் அர்சினோயிதீரியத்தை நடுவில் நிறுத்திவிட்டு ஹைராக்ஸை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கழிமுகத்தின் மேய்ச்சல் விலங்கு உண்மையில் அதுதான்.

வேட்டையாடும் வேலை ஹையனோடான்ட்களுக்கு. பெயரில் ஹையனா இருந்தாலும் கழுதைப்புலிக்குச் சொந்தமில்லை. நாய், பூனைகளுக்கு முன்பே கிளைத்து, முழுதாக அழிந்துபோன தனிக்குலம். 2025இல் விவரிக்கப்பட்ட பாஸ்டெட்டோடான் சிர்டாஸ் இதில் ஒன்று: 3 கோடி ஆண்டு பழையது, சிறுத்தை அளவு, ஏறக்குறைய முழு மண்டையோடு 2020இல் கிடைத்தது. பூனைத்தலைத் தெய்வம் பாஸ்டெட்டின் பெயர்.

விதிவிலக்குகளும் உண்டு. நீர்யானையின் தூரத்து உறவான ஆந்த்ரகோதீர்கள், எலி அணில் வகைக் கொறிவிலங்குகள், குரங்குகளின் முன்னோர் எல்லாம் ஆசியாவிலிருந்து எப்படியோ கடல் தாண்டி வந்திருக்கின்றன.

குரங்குகள் விஷயத்தில் ஃபையூம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் மூன்றும் சேர்ந்த குலத்தின் ஆரம்பகால எலும்புகள் இவ்வளவு அதிகமாகவும் இவ்வளவு முழுமையாகவும் கிடைத்த இடம் உலகில் வேறில்லை. இதற்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எல்வின் சைமன்ஸ். 1961இல் அங்கே போனவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போனார்.

அவர் 1965இல் பெயரிட்ட ஈஜிப்டோபிதிகஸ் சுமார் 3 கோடி ஆண்டு பழையது. ஆறேழு கிலோ எடை, நான்கு கால்களாலும் கிளைமேல் நடந்து பழம் தின்ற மர விலங்கு. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் மனிதக் குலமும் இரண்டாகப் பிரிவதற்கு முந்திய நிலையில் நிற்பது. ஆணுக்குக் கோரைப்பல் பெரிது, உடலும் பெரிது. ஆகவே கூட்டமாக வாழ்ந்திருக்க வேண்டும். 2007இல் ஒரு பெண் மண்டையோட்டை ஸ்கேன் செய்து பார்த்தபோது மூளை எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. கண்கள் முன்னோக்கி வந்து, பகலில் கூர்ந்து பார்க்கும் பார்வை முதலில் அமைந்திருக்கிறது. பெரிய மூளை அதற்கு வெகுகாலம் பின்னால்தான்.

இதைவிடப் பழைய கேட்டோபிதிகஸ், எல்-41 என்று எண்ணிட்ட ஒரு குழியில் கிடைத்தது. உப்பு கலந்த பச்சைக் களிமண்ணில் மண்டையோடுகள் நசுங்கித் தட்டையாக, ஆனால் முழுதாக இருக்கும் இடம் அது. வயது சுமார் 3.4 கோடி.

இன்னொரு செய்தி எனக்கு இன்றும் வியப்பு தருவது. ஃபையூமில் பாராபிதிசிட் என்ற சிறு குரங்குக் குடும்பம் உண்டு. ஏபிடியம் அதில் ஒன்று. 2020இல் பெரு நாட்டின் அமேசான் பகுதியில், சுமார் 3 கோடி ஆண்டு பழைய படிவில், அதே குடும்பத்தின் பற்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். நடுவே அட்லாண்டிக் பெருங்கடல். வெள்ளத்தில் பெயர்ந்துபோன மரத்திட்டுகளில் ஒட்டிக்கொண்டு அவை கடல் கடந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். அட்லாண்டிக் அப்போது இன்றைவிடக் குறுகல்தான். அப்படியும் அது பெருங்கடல்.

பெரிய பாம்பு ஒன்றும் இருந்ததாமே?

ஜைகாண்டோஃபிஸ் கார்ஸ்டினி. 1901இல் சார்லஸ் ஆண்ட்ரூஸ் பெயரிட்டது. வெகுநாள் 9, 10 மீட்டர் என்று எழுதிவந்தார்கள். முதுகெலும்புகளை மறுபடி அளந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு சுமார் 7 மீட்டராகக் குறைத்தது. இதன் குடும்பத்துக்காரன்தான் 2024இல் செய்தித்தாள்களில் வந்த வாசுகி இண்டிகஸ். கட்சின் பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது, 4.7 கோடி ஆண்டு பழையது, 11 முதல் 15 மீட்டர் நீளம் என்று மதிப்பிடப்பட்டது.

அந்தக் காடு பார்க்க எப்படி இருந்திருக்கும்?

வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடம். ஆற்றின் இரு கரையிலும் உயர்ந்த மரங்கள், அவற்றைச் சுற்றிய கொடிகள். கிடைத்த இலைகளும் கனிகளும் இன்றைய தென்கிழக்காசிய மழைக்காடுகளை நினைவூட்டுகின்றன. மழை ஆண்டு முழுக்க ஒரே அளவில் பெய்யவில்லை, மழைக்காலமும் காய்ந்த காலமும் மாறிமாறி வந்தன என்று மண் காட்டுகிறது. பலகைபோல் விரிந்த முட்டுவேர் கொண்ட மரங்கள் நின்ற அச்சு அப்படியே கல்லில் பதிந்திருக்கிறது. கறையான் கூடுகள்கூடக் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு டெர்மிடிக்னஸ் கத்ரானி என்று இந்த மலையின் பெயரையே வைத்தார்கள்.

பறவை எலும்புகள்தான் காட்சியைத் துல்லியமாக்குகின்றன. இலைக்கோழிகள் இருந்தன. மிதக்கும் இலைமேல் நடக்கும் பறவை அது; ஆகவே அல்லியோ அதுபோன்ற மிதவைத் தாவரமோ மூடிய, ஓட்டமில்லாத நீர் இருந்தே ஆகவேண்டும். செருப்பலகு நாரை, கொக்கு, நீர்க்காகம், பூநாரை, மீன்பிடிக்கும் கழுகு வகை, காட்டுவிளிம்பில் வாழும் டுராக்கோ. இந்தப் பறவைகள் எல்லாம் இன்று ஒருங்கே காணக்கூடிய இடம் எது என்று ஆய்வாளர்கள் தேடியபோது, உகாண்டாவின் சதுப்புப் பகுதிகள்தான் மிக நெருக்கமாகப் பொருந்தின. நீரில் கெளுத்தி, நுரையீரல் மீன், நீள்மூக்கு முதலைகள். கரையில் பெரிய தரையாமைகள்.

பிறகு எப்படிப் பாலைவனம் ஆயிற்று?

ஒரே நாளில் அல்ல, ஒரே காரணத்தாலும் அல்ல. முதல் அடி 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன். அண்டார்டிகாவில் பனிப்பாளம் உருவாக, உலகம் குளிர்ந்தது, கடல்மட்டம் இறங்கியது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான அடுக்குகள் ஃபையூமில் இருப்பது அதன் பெரிய மதிப்பு. 2021இல் வந்த ஆய்வு, ஆப்பிரிக்க–அரேபியப் பாலூட்டிக் குலங்களை அடுக்கு அடுக்காக ஒப்பிட்டு, ஏறக்குறைய 63 விழுக்காடு இந்தக் காலக்கட்டத்தில் மறைந்துபோனதாகக் காட்டியது. தப்பியவற்றின் பல் வடிவங்கள்கூட ஒன்றுபோல் ஆகிவிட்டன. அதாவது உணவின் வகைகளும் சுருங்கின.

பிறகு டெத்திஸ் கடல் சுருங்கச் சுருங்க மழை குறைந்தது. ஆப்பிரிக்கத் தட்டு வடக்கே நகர்ந்துகொண்டிருந்ததால் இந்த நிலமும் மெல்ல வறண்ட அட்சக்கோட்டுக்குள் போனது. சஹாரா என்று சொல்லத்தக்க வறட்சி கடைசி 1 கோடி ஆண்டுகளுக்குள் வந்தது. அதிலும் இடையிடையே பச்சை திரும்பிய காலங்கள் உண்டு. கடைசிப் பச்சைக்காலம் முடிந்து சுமார் ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

டைனோசர் எலும்பு அங்கே கிடைக்குமா?

கிடைக்காது. ஃபையூம் பாறைகள் உருவானபோது டைனோசர்கள் அழிந்து 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. டைனோசருக்கு இன்னும் மேற்கே பஹரியா பாலைச்சோலைக்குப் போக வேண்டும். ஸ்பைனோசாரஸ் அங்கே கிடைத்தது, 1915இல் ஜெர்மன் தொல்லுயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் பெயரிட்டார். தோண்டியெடுத்துக் கொடுத்த ரிச்சர்ட் மார்க்கிராஃப், ஃபையூமில் குடியிருந்து ஏபிடியத்தின் தாடை உட்படப் பலவற்றைச் சேகரித்தவர். முனிச் அருங்காட்சியகத்தில் இருந்த அந்த ஸ்பைனோசாரஸ் எலும்புகள் 1944 குண்டுவீச்சில் அழிந்தன.

எலும்புகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஜெர்மன் ஆய்வுப்பயணி கெயோர்க் ஷ்வைன்ஃபுர்ட் 1879இல் காரூன் ஏரித்தீவு ஒன்றில் திமிங்கில எலும்புகளைப் பொறுக்கியதில் தொடங்குகிறது வரலாறு. 1898 முதல் எகிப்திய நிலவியல் துறைக்காக பீட்னெல் அடுக்குகளை வரைபடமாக்கினார். ஆண்ட்ரூஸ் வந்து சேர்ந்தார். 1907இல் நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து ஹென்றி ஆஸ்போர்ன் தன் குழுவோடு வந்தார்.

பெரிய எலும்புகள் கண்ணில் படும். நகத்தளவு குரங்குப் பல்லை எப்படிப் பார்ப்பது? சைமன்ஸின் குழு காற்றையே வேலைக்கு வைத்துக்கொண்டது. பாலைத்தரையின் மேல் சரளைக்கற்கள் இறுகிய தோல்போல் மூடியிருக்கும். அது இருக்கும்வரை கீழே உள்ள மண்ணைக் காற்று தொடாது. அந்தத் தோலை உடைத்துப் பெருக்கி ஒதுக்கிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கு வரும்போது காற்று நுண்மணலை வாரிக்கொண்டு போயிருக்கும், பல்லும் தாடையும் மேலே நிற்கும். உளிபட்டு உடையும் அபாயம் இல்லை. பொறுமைதான் இதில் முதல்.

எகிப்தியர்கள் இந்த ஆய்வில் எங்கே இருக்கிறார்கள்?

இன்று முன்வரிசையில். நூறாண்டுக்கும் மேலாக எலும்புகள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறின. கட்டுரையில் வெளிநாட்டார் பெயர்கள், எகிப்தியர்கள் பெரும்பாலும் தோண்டும் கூலியாட்கள். எகிப்தின் மன்சூரா பல்கலைக்கழகத்தில் ஹிஷாம் சல்லாம் முதுகெலும்பிகளின் தொல்லுயிரியலுக்காக ஆய்வு மையம் தொடங்கியபின் நிலைமை மாறியது. ஃபியோமிசீட்டஸ் ஆய்வுக்கு அப்துல்லா கோஹரும், பாஸ்டெட்டோடான் ஆய்வுக்கு ஷுரூக் அல் அஷ்கரும் முதன்மை ஆசிரியர்கள். அரபு ஆய்வாளர்களே கண்டெடுத்து, விவரித்து, பெயரிட்ட முதல் புதுவகைத் தொல்திமிங்கிலம் ஃபியோமிசீட்டஸ். அந்தப் பெயர்களில் அனுபிஸும் பாஸ்டெட்டும் வருவது எனக்கு நிறைவைத் தருகிறது.

பண்டைய எகிப்தியர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா?

இந்தப் பாறைகளை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஜெபல் கத்ரானியின் உச்சியில் விதான் எல் ஃபராஸ் என்ற இடத்தில் பசால்ட்டை வெட்டியெடுத்தார்கள். மன்னன் கூஃபுவின் பெரிய பிரமிடை ஒட்டிய கோயிலின் கருந்தளம் இந்தக் கல். அதை ஏரிக்கரை வரை இழுத்துவரப் பத்து கிலோமீட்டருக்கும் மேல் கற்பாவிய பாதை போட்டார்கள். கற்பாவிய சாலைகளில் உலகிலேயே மிகப் பழையதாகக் கருதப்படுவது. அதன் தளத்தில் அங்கங்கே கல்லாகிய அடிமரத் துண்டுகளையும் பதித்திருக்கிறார்கள். பிரமிடின் சுண்ணாம்புக்கல்லோ நம்முலைட் ஓடுகளால் ஆனது. அதே டெத்திஸ் கடலின் அடித்தளம். எகிப்தின் மலைகளில் சிப்பிகளைப் பார்த்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், இங்கே ஒருகாலத்தில் கடல் இருந்திருக்க வேண்டும் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

வாடி அல் ஹிதானுக்குப் போகலாம். 2005 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். எலும்புக்கூடுகளைக் கிடந்த இடத்திலேயே விட்டுவைத்து, சுற்றி நடைபாதை அமைத்திருக்கிறார்கள். 2016இல் திறந்த சிறு அருங்காட்சியகத்தில் பாசிலோசாரஸின் முழு எலும்புக்கூடு இருக்கிறது. கெய்ரோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கடைசிப் பகுதி பாலைவழி என்பதால் உள்ளூர் ஓட்டுநரோடு போவது நல்லது. குளிர்காலம் ஏற்றது. ஜெபல் கத்ரானிக்கு வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: குறித்த தடத்தைவிட்டு வண்டியை இறக்கவிடாதீர்கள், காலடியில் கிடக்கும் சின்னப் பல்லைக்கூடப் பையில் போடாதீர்கள். சட்டப்படி அது குற்றம். அதோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத பல்லால் ஆய்வாளருக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்துக் காவலரிடம் காட்டுங்கள்.